தொட்டுவிட்டுப் போகிறவர்கள்

“வந்தது யாருன்னு அந்தப் பெட்டிக்குத் தெரியாதா ஆத்தா?”

மேசைமேல் கிடந்த கறுப்பு லைனிங் துணியை இழுத்து, டெய்லர் சாக்பீஸால் எழுதினேன்: தெரியாது. பட்டன அமுக்குனா மட்டும்தான் தெரியும்.

“யாரும் அமுக்காமயே எரியுதே. நேத்து எரிஞ்சுச்சு, முந்தாநாளும் எரிஞ்சுச்சு. ஓடிப்போய்ப் பாத்தா கேட்டுல ஒரு ஈ காக்கா இல்ல.”

எரிஞ்சதும் உடனே போனீகளா? என்று அதன் கீழே எழுதினேன்.

“பின்ன? ஜாக்கெட்டுக்குக் கை தச்சுக்கிட்டு இருந்தேன். அப்படியே போட்டுட்டு ஓடுனேன். செருப்புக்கூட மாட்டல. அமுக்குனவுக ஓடி ஒளிஞ்சாக்கூட ரோட்டுல தெரிய மாட்டாகளா? நீ என்னத்தக் கிண்டுன அதுக்குள்ள? பேய் கீய் எதும் ஏத்திவிட்டியா?”

நான் சிரித்தேன். மலையம்மாள் அத்தையும் சிரித்தார். ஆனால் அவர் பார்வை சுவரில் இருந்த சிவப்பு பல்பைவிட்டு நகரவில்லை.

அத்தை என்பது ஊர் முறைக்குத்தான். சொந்தம் கிடையாது. மார்க்கையன்கோட்டையிலிருந்து சின்னமனூர் போகிற ரோட்டில் ஒரு திராட்சைத் தோட்டத்தின் கடைசியில் அவர் வீடு இருக்கிறது. ரோட்டோரம் இரும்பு கேட்டு. கேட்டிலிருந்து வீட்டு வாசல்வரை, தலைக்கு மேலே பச்சைக் கூரை போட்டதுபோலத் திராட்சைப் பந்தல். ஆடுகள் உள்ளே நுழைந்துவிடும் என்று கேட்டு எப்போதும் பூட்டியே கிடக்கும். அவர் கணவர் வீரணன் மாமா இறந்தபிறகு அத்தை தனியாக அங்கே இருந்து ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறார். இரண்டு வருடமாகக் காது கேட்பதில்லை. தேனியில் வாங்கிய காது மெஷினை மாட்டினால் தையல் மெஷின் சத்தம் லாரி மாதிரித் தலைக்குள் ஓடுகிறது என்று, அதைப் பவுடர் டப்பாவில் போட்டு மூடிவிட்டார். அவர் பேசுவார், நாங்கள் துணியில் எழுதுவோம். எழுதி முடித்ததும் துணியை உதறினால் போதும்.

“கஸ்டமருக வந்து கத்திட்டுப் போயிர்றாக கயலு. நீ கரெண்டு படிப்புத்தான படிச்ச? ஒரு லைட்டு எரியிற மாதிரி எதுனா செஞ்சு குடேன்” என்றுதான் முதலில் கேட்டார்.

நான் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். கூடப் படித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். ஹாஸ்டலில் விடிய விடியப் பேசிய குரூப்பில் இப்போது பிறந்தநாள் வாழ்த்துகள் மட்டும் வந்தன. வேலைக்கு அனுப்பிய மெயில்கள் எங்கே போயின என்று தெரியாது. பகலெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள் படித்தேன். நான் பார்க்கவே போகாத ஊர்களில் பனி கொட்டியது. சின்ன ரயில் நிலையங்களில் யாரோ யாருக்காகவோ காத்திருந்தார்கள். ரயில் வரும், கதவுகள் திறக்கும், வேறு யாராவது இறங்குவார்கள். புத்தகத்தை மூடினால் எங்கள் தெருவில் வெயில் மட்டும் இருக்கும். அதனால் அத்தை கேட்டபோது, ஒருவர் என்னிடம் ஒன்று கேட்டுவிட்டார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

பெரிய வேலை இல்லை. மேரி பிஸ்கட்டைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு. கேட்டில் மழை படாமல் சோப்பு டப்பாவுக்குள் ஒரு பட்டன். பட்டனை அமுக்கினால் அந்தச் செய்தி கம்பி வழியாகப் போர்டுக்கு வரும், போர்டு பல்பை எரியவைக்கும். இரண்டு பக்கம்கூட வராத புரோகிராம். கம்பிக்கு, தோட்டத்தில் ஒச்சாண்டி மாமா கழற்றிப் போட்டிருந்த பழைய பந்தல் கம்பியையே எடுத்துக்கொண்டோம். எங்கள் பக்கம் எதை இழுத்துக் கட்டவும் பந்தல் கம்பிதான். துணி காயப்போடவும் அதுதான், டிஷ் ஆன்டெனா சாயாமல் நிற்கவும் அதுதான். பந்தலின் கல்லுக்கால்களில் சைக்கிள் டியூப் துண்டுகளை வைத்து, அவற்றின்மேல் இரண்டு கம்பிகளை வீடுவரைக்கும் இழுத்தோம்.

ஒச்சாண்டி மாமா அந்தத் தோட்டத்தைக் குத்தகைக்குப் பார்க்கிறவர். கம்பி கட்டும்போது அவர்தான் ஏணியில் நின்றுகொண்டு சொன்னார்.

“கஸ்டமருக்குன்னா சொல்லுச்சு மதினி?”

“ஆமா மாமா.”

“ஒரு ஜாக்கெட்டுக்கு யாருத்தா இம்புட்டுக் கம்பி கட்டுவா? விஜிக்கு.”

விஜி அத்தையின் ஒரே மகள். கம்பத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டுகிற ஏசுதாசனைக் கட்டிக்கொண்டு மலைக்கு மேலே போய்விட்டாள். போகிற அன்றைக்கு அத்தை, “இனிமே இந்தக் கேட்டத் தாண்டி வராத” என்று சொன்னது ஊருக்கே தெரியும். எனக்குத் தெரியாதது ஒன்றை ஒச்சாண்டி மாமா சொன்னார். போன கோடையில் விஜி வந்திருக்கிறாள்.

“நா அந்தக் கடைசில மருந்து அடிச்சுக்கிட்டு இருந்தேன். மூஞ்சியில துணி, முதுகுல டேங்க்கு. பாத்தா, கேட்டுல நின்னு ‘அம்மா அம்மா’ன்னு கூப்புடுது. அங்கனயிருந்து பாத்தா மதினி மெசின்ல உக்காந்துருக்க முதுகு நல்லாத் தெரியும். கால் மெதிச்சுக்கிட்டே இருந்துச்சு, நிறுத்தல. அதுக்குக் காது போனது அந்தப் புள்ளைக்கு எப்படித் தெரியும்? நா டேங்க்க எறக்கிவெச்சுட்டு வர்றதுக்குள்ள பஸ் ஏறிப் போயிருச்சு. நாந்தான் மதினிக்கிட்டச் சொன்னேன். சொல்லாமலே இருந்துருக்கலாம்.”

அன்று மாலை அத்தையிடம் எழுதிக் காட்டினேன்: விஜி நம்பர் வாங்கிப் பேசட்டுமா?

அத்தை துணியை எடுத்து வாசலில் போய் உதறினார். வெகுநேரம் உதறினார்.

“போன்னு சொன்னது நானு. இப்ப ஆள விட்டு வான்னு சொன்னா, செவிடாயிட்டேன்னு பாவம் பாத்து வருவா. அது எனக்கு வேணாம். அவளா வரட்டும். வந்தா எனக்குத் தெரியணும். அம்புட்டுத்தான்.”

அதற்காகத்தான் அந்தப் பல்பு. இப்போது அது யாரும் இல்லாமலே எரிந்துகொண்டிருந்தது.

லேப்டாப்பைத் தையல் மேசையில் வைத்துப் போர்டோடு இணைத்தேன். போர்டு கேட்பதை எல்லாம் திரையில் எழுதச் சொல்லியிருந்தேன். பூஜ்யம் என்றால் யாரும் இல்லை, ஒன்று என்றால் ஆள். பூஜ்யங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடின. அத்தை மெஷினில் உட்கார்ந்து ஒரு சிவப்பு ஜாக்கெட்டுக்குக் கழுத்து திருப்பிக்கொண்டிருந்தார். வெளிச்சத்துக்காக, வாசலுக்கு முதுகு காட்டி உட்காரும்படி மெஷினைப் போட்டிருந்தார். பூஜ்யங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தூக்கம் வந்தது.

திடீரென்று கொத்தாக ஒன்றுகள். பல்பு எரிந்தது.

அத்தை எழுந்துவிட்டார். ஊசியில் இருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார், இரண்டு கையாலும் முன்முடியை ஒதுக்கினார், பிறகு ஓடினார். இதெல்லாம் ஒரே வரிசையில், பழகிய வேலைபோல நடந்தது. நானும் பின்னால் ஓடினேன்.

கேட்டில் யாரும் இல்லை. அத்தை கேட்டின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று போனது.

மோட்டார் ரூமிலிருந்து ஒச்சாண்டி மாமா வெளியே வந்தார். “என்னத்தா, மாமியாளும் மருமகளும் ஓட்டப்பந்தயமா? யாரு ஜெயிச்சா?”

எனக்கு அப்போதுதான் அந்த உறுமல் காதில் விழுந்தது. “மாமா, மோட்டார் இப்பத்தான் ஓடுதா?”

“த்ரீ பேஸ் வந்துச்சுல்ல. ஆட்டோவுல போட்டுருக்கேன், கரெண்டு வந்தா அதுவா எடுத்துக்கிரும். ஏன், மோட்டாருக்கும் பெல்லு வெக்கப் போறியா?”

“ஒரு தடவ நிறுத்திட்டுப் போடுங்களேன்.”

நான் திரும்ப ஓடிப்போய் லேப்டாப் முன்னால் நின்றேன். மோட்டார் நின்றது. பூஜ்யம். மோட்டார் எடுத்தது. ஒன்று, ஒன்று, ஒன்று. பல்பு.

தப்பு என்னுடையதுதான். போர்டில் கம்பி வந்து சேர்கிற உலோக முனைக்குப் ‘பின்’ என்று பெயர்; அதைப் பற்றிப் புரோகிராமில் ஒரு வரி உண்டு. யாரும் அமுக்காதபோது அது என்னவாக இருக்க வேண்டும் என்று அந்த வரியில் சொல்லிவைக்க வேண்டும். நான் சொல்லவில்லை. வீட்டில், ஒரு ஜாண் வயரில் சோதித்துப் பார்த்தபோது அது தெரியவும் இல்லை. சொல்லாவிட்டால் அந்தப் பின் ஒன்றாகவும் இல்லாமல் பூஜ்யமாகவும் இல்லாமல் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். காற்றில் வருகிற எல்லாவற்றையும் கேட்கும். தோட்டம் நீளத்துக்குப் பந்தல் கம்பியைக் கட்டிவிட்டு, அதன் பக்கத்திலேயே மோட்டார் கேபிளும் போனால் கேட்காமல் என்ன செய்யும்?

துணியில் எழுதினேன்: மோட்டார்.

அத்தை அந்த ஒரு சொல்லை ரொம்ப நேரம் படித்தார்.

“ஒச்சாண்டி மோட்டாரா?”

தலையாட்டினேன்.

“எல்லாத் தடவையும் அதுதானா?”

மறுபடி தலையாட்டினேன்.

“நல்லா இருக்குடி. மோட்டாருக்கா தலையச் சீவிட்டுச் சீவிட்டு ஓடுனேன்?” என்று சிரித்தார். பிறகு, “நா என்ன நெனச்சேன்னா,” என்று ஆரம்பித்து, நூல்கண்டைத் தேடப் போய்விட்டார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியும். விஜிதான் அமுக்கிவிட்டு, தைரியம் வராமல், கதவு திறப்பதற்குள் போய்விடுகிறாள். நாளைக்குக் கொஞ்சம் கூட நேரம் நிற்பாள் என்று நினைத்திருப்பார்.

அங்கேயே உட்கார்ந்து புரோகிராமைத் திருத்தினேன். கம்பியை மாற்றுவதைவிட அது எளிது. பின்னுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அப்படியும் மோட்டார் எடுக்கும்போது ஒன்றிரண்டு தப்பி வந்தன. அதனால் இன்னொரு நிபந்தனையும் சேர்த்தேன். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் பட்டனை விடாமல் அமுக்கினால்தான் ஆள் வந்ததாகக் கணக்கு. மோட்டார் அவ்வளவு நேரம் அமுக்காது.

போர்டுக்குப் புரிகிற மொழிக்குக் கம்பைல் ஆகி முடிந்து, புதிய புரோகிராம் போர்டில் ஏறப்போனது. அத்தை என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். திரையில் ‘கனெக்டிங்’ என்று வந்து, அதன் பக்கத்தில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

“என்ன, புள்ளி புள்ளியாப் போகுது?”

லேப்டாப்பு போர்டு கதவத் தட்டிக்கிட்டு இருக்கு. அது தொறந்தாத்தான் உள்ள ஏத்த முடியும்.

“தொறக்கலன்னா?”

கொஞ்ச நேரம் தட்டும். அப்புறம் முடியலன்னு சொல்லிட்டு நின்னுரும்.

அத்தை அதைப் படித்துவிட்டுத் திரையை நோக்கிக் குனிந்தார். அந்தத் தடவை அப்படியேதான் ஆயிற்று. சிவப்பு எழுத்தில் ‘முடியவில்லை’ என்று வந்து நின்றது. மறுபடி தொடங்கி, புள்ளிகள் விழும்போது போர்டில் இருந்த சின்ன பட்டனை நகத்தால் அமுக்கிப் பிடித்தேன். கதவு திறந்ததுபோலச் சட்டென்று வரிகள் ஓட ஆரம்பித்தன. பத்து சதவீதம், நாற்பது, நூறு. போர்டு ஒரு முறை அணைந்து விழித்தது.

“பழசு என்னாச்சு?”

அழிஞ்சிருச்சு. பழசு மேலதான் புதுசு ஏறும். லேப்டாப்புல ஒரு காப்பி கெடக்கு.

ஒச்சாண்டி மாமா மோட்டாரை நிறுத்தி நிறுத்திப் போட்டார். பல்பு எரியவில்லை. அவரே போய்ப் பட்டனை அழுத்திப் பிடித்தார். எரிந்தது. “சரியாப் போச்சுல்ல? இனி மதினி பாட்டுக்கு உக்காந்து தைக்கலாம்!” என்று அங்கிருந்தே கத்தினார். அதை நான் எழுதிக் காட்டினேன். அத்தை, “ஆமாமா” என்றார்.

வீட்டுக்கு வந்து இன்னும் இரண்டு மெயில் அனுப்பினேன். பிறகு பாதியில் விட்ட நாவலை எடுத்தேன். அந்தக் கதையில் வெளியே பனி, உள்ளே ஒருத்தி விளக்கைத் தூண்டிக்கொண்டிருந்தாள். என் போன் மேசையில் கவிழ்ந்து கிடந்தது. அது அதிர்ந்ததுபோல இருந்தது, எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

அடுத்த வாரம் என் சுடிதாரைப் பிடித்துத் தைக்கக் கொண்டுபோனேன். பட்டனை விடாமல் அமுக்கினேன். அத்தை சீக்கிரமே வந்தார், சாவியோடு. முடியை ஒதுக்கியிருந்தார். என்னைப் பார்த்ததும், “நீயா, வாத்தா” என்றார்.

உள்ளே மெஷின் இடம் மாறியிருந்தது. இப்போது வாசலைப் பார்த்திருந்தது, வெளிச்சம் கண்ணில் குத்தும்படி. எதிர்ச்சுவரில் இருந்த பல்பையும் கழற்றி வாசல் நிலைக்கு மேலே மாட்டியிருந்தார். தைத்துக் கொடுக்க வேண்டிய துணிகள் நாற்காலியில் குவிந்து கிடந்தன.

“எரியவே மாட்டேங்குதே” என்றார்.

ரிப்பேரா இருக்குமோ என்று போர்டைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆளு வந்தா எரியும் அத்த. இப்ப நா வந்தப்ப எரிஞ்சதுல்ல?

“எரிஞ்சுச்சு. நீ அமுக்கிப் பிடிச்ச.” அத்தை என் கையை இழுத்து, முழங்கைக்குக் கீழே ஒரு விரல் நுனியால் ஒரே ஒரு முறை தொட்டு, சட்டென்று எடுத்துக்கொண்டார். “விஜி இப்படித்தான் தட்டுவா. சின்னதுல பக்கத்து வீட்ல போயி உப்பு வாங்கிட்டு வான்னு அனுப்புனா, கதவ ஒரு தட்டு. கைய முதுகுக்குப் பின்னாடி மறச்சுக்கிட்டு நிப்பா. ஆளு வரலைன்னா இங்கன வந்து, ‘அங்க யாரும் இல்லம்மா’ம்பா. அவுக உள்ள சோறு தின்னுக்கிட்டு இருப்பாக. அப்படி ஒரு புள்ள.”

நான் சாக்பீஸை எடுத்தேன். அத்தை அதை வாங்கி மேசைமேல் வைத்தார்.

“நீ போய் அவ தட்டுற மாதிரித் தட்டு. நா இங்கன உக்காந்து பாக்கேன்.”

பந்தலுக்கு அடியில் நடந்தேன். கொத்துகள் இன்னும் பச்சையாக, கல் மாதிரி இருந்தன. கேட்டைத் திறந்து ரோட்டுக்குப் போய், வெளியே நின்று, மறுபடி சாத்திக்கொண்டேன். வெளியிலிருந்து பார்க்கும்போது அது வேறு வீடு. பந்தல் ஒரு நீளமான பச்சை இருட்டு. அதன் கடைசியில் ஒரு சின்ன வெளிச்சத்தில் அத்தை உட்கார்ந்திருந்தார். இப்போது முதுகு இல்லை, முகம். ஆனால் இவ்வளவு தூரத்தில் அது என்ன முகம் என்று தெரியவில்லை. என்னைத்தான் பார்க்கிறாரா என்றும் தெரியவில்லை.

சோப்பு டப்பா மூடியைத் தூக்கினேன். நான் சொல்லிவைத்து வந்தவள், வரச் சொல்லித்தான் வந்தவள். அப்படியும் விரல் கொஞ்சம் நின்றது. பட்டனை ஒரு முறை தொட்டேன், எடுத்துக்கொண்டேன்.

காத்திருந்தேன். அத்தை அசையவில்லை. சின்னமனூர் பஸ் ஒன்று வந்து, நான் ஏறுவேனோ என்று வேகத்தைக் குறைத்து, கண்டக்டர் படியில் தொங்கியபடி என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். பஸ் போய்விட்டது. அத்தை அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்.

இன்னொரு முறை தொடலாம் என்று தோன்றியது. தொடவில்லை. விஜி இரண்டாவது முறை தொடமாட்டாள்.

நான் உள்ளே போனபோது அத்தை பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தொட்டியா?”

தலையாட்டினேன்.

“தொட்டுருக்க. நெசமாவே தொட்டுருக்க. இங்கன எரியல.”

நேரத்தக் கொறச்சு எழுதிப் பாக்குறேன் அத்த, என்று எழுத ஆரம்பித்தேன். எவ்வளவு குறைக்க? விஜியின் விரல் நிற்கும் அளவுக்குக் குறைத்தால் மோட்டாரும் வந்துவிடும். பாதி வரியில் நிறுத்தினேன்.

அத்தை என் கையிலிருந்து துணியையும் சாக்பீஸையும் வாங்கினார், படிக்கவில்லை, துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். வெளியே ஒச்சாண்டி மாமாவின் மோட்டார் உறுமி எடுத்தது. அத்தைக்கு அது கேட்டிருக்காது. என் கண் என்னையறியாமல் நிலைக்கு மேலே போனது. நான் பார்த்ததைப் பார்த்து அத்தையும் பல்பைப் பார்த்தார். அது எரியாமல் இருந்தது.

“மோட்டாருதான் ஓடுதா?”

“ஆமா” என்றேன், வாயசைவு தெரியும்படி.

“ஓடட்டும். மோட்டாருக்கும் எரியட்டும், காத்துக்கும் எரியட்டும். எனக்கென்ன, எந்திரிச்சுப் போய்ப் பாத்துட்டு வரப் போறேன், காலா தேயப் போகுது? அந்தப் பழசு ஒங்கிட்டக் கெடக்குன்னியே கயலு,” என்று சாக்பீஸை மட்டும் என் உள்ளங்கையில் திரும்ப வைத்தார். “அதையே போட்டுக் குடுக்கிறியாத்தா?”